ஏழாம் கூட்டின் அரைப்பேர்

ஜன்னலைச் சாத்தாதீர்கள். குளிர் என்றால் துண்டைக் காதில் கட்டிக்கொள்ளுங்கள். ஆழியாறு வரை நாற்பது வளைவு. சாத்திய ஜன்னலோடு இறங்கினால் பாதி பஸ் வாந்தி எடுக்கும். முதல் ஆளாக என் மருமகன் எடுப்பான்.

அதோ, எதிர்ச் சீட்டில் தோளில் துண்டைப் போட்டுக் குழந்தையைச் சாய்த்து வைத்திருக்கிறானே, அவன்தான். பெலிக்ஸ். நான் கூப்பிடவில்லை. என் பெண்டாட்டி ஏற்றிவிட்டாள். என் மகள் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் குழந்தையைக் காட்டப் போகிறான். நான் போவது வேறு வேலைக்கு.

பையையே பார்க்கிறீர்கள். பணம் இல்லை, நோட்டு. ஒரே ஒரு நோட்டு. நீங்கள் கேமரா வைத்திருக்கிறீர்கள், பறவை பார்க்கிற ஆள் போலத் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். கோயம்புத்தூருக்கு வெளியே பறவை ஆராய்ச்சி செய்கிற ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய் இந்த நோட்டை மேசைமேல் வைப்பேன். ஏழாம் கூட்டைத் திரும்பச் சேர் என்பேன். சேர்க்கிற வரை எழுந்திருக்க மாட்டேன். மதியத்துக்குச் சோறு கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

என் பெயர் சவரிமுத்து. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து நாலு வருஷம் கங்காணி. கொழுந்து பறிக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்குகிறவன். சாயங்காலம் கூடையை நிறுத்து செக்ரோலில் பேர் போடுவேன். செக்ரோல் என்றால் வருகைப் புத்தகம். எடை சரியாக இருந்தால் முழுப்பேர். எடை குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. அழுதாலும் அரைதான், சிரித்தாலும் அரைதான். அந்தப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் முன்னால் போய் நின்று காரணம் சொல்ல வேண்டும். நான் ஒரு பேரைக்கூட அடித்ததில்லை. எழுதியது எழுதியதுதான்.

என் பெண்டாட்டி அருளாயியும் என் வரிசையில்தான் பறித்தாள். மகள் கைக்குழந்தை அப்போது. பிள்ளைகளை விடுகிற கொட்டகை மேட்டில் இருந்தது. பால் கொடுக்க நாளைக்கு இரண்டு தடவை ஓடிவிட்டு வரலாம், அதுதான் சட்டம். ஒருநாள் மூன்றாவது தடவை ஓடினாள். குழந்தைக்குக் காய்ச்சலாம். இருபது நிமிஷம் பிந்தி வந்தாள், எடையும் குறைவு. நாற்பது பெண்கள் பார்க்க அரைப்பேர் போட்டேன். சொந்தப் பெண்டாட்டி என்று பார்க்கவில்லை. தோட்டம் முழுக்க ஒரு மாதம் அதுதான் பேச்சு. சவரிமுத்து நெருப்பு என்றார்கள்.

அவளா? சோறு போட்டாள். அவ்வளவுதான்.

இந்தப் பறவை விவகாரத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்று மூன்றாம் வருஷம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். வினோதினி. பறவை படித்து டாக்டர் ஆனவள், சின்ன வயசு. கூட்டுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து பார்த்ததை எழுத ஆள் வேண்டும் என்றாள். கல்லூரிப் பையன்களை வைத்துப் பார்த்தாளாம், அரை மணிக்கு ஒரு தடவை போனை எடுக்கிறார்களாம்.

"ஆறு மணி நேரம் ஆடாம உட்காரணும் ஐயா. முடியுமா?"

"முப்பத்து நாலு வருஷம் நின்னவன்மா. உட்கார்றது ஒரு வேலையா?"

குண்டுக்கரிச்சான் தெரியுமில்லையா? ஆண் கறுப்பும் வெள்ளையும். பெண்ணுக்குக் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். விடியும் முன்னால் விசில் அடித்து ஊரை எழுப்பும். அதுதான். மொத்தம் பன்னிரண்டு கூடு. ஆறு காட்டுக்குள்ளே, ஆறு தேயிலைக்குள்ளே. ஆண் எத்தனை தடவை இரை கொண்டு வருகிறது, பெண் எத்தனை தடவை, அதை எழுத வேண்டும். நோட்டில் ஆணுக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒரு கட்டம். ஒரு வருகைக்கு ஒரு கோடு. இவ்வளவுதான் வேலை.

எனக்கு மூன்று கூடு கொடுத்தாள். முதலில் காட்டில் இரண்டு. அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். பெண் ஓடி ஓடித் தீனி போட்டது. ஓட என்ன, கூட்டுக்குக் கீழேயே எல்லாம் கிடந்தது. சருகைக் கிளறினால் புழு. பத்தடி தாண்ட வேண்டியதில்லை. ஆண் உச்சிக் கிளையில் உட்கார்ந்து பாடும். வேறு ஆண் வந்தால் விரட்டும். எப்போதாவது ஞாபகம் வந்தாற்போல ஒரு பூச்சியைக் கொண்டு வந்து போடும். பெண் அஞ்சு கோடு என்றால் ஆண் ஒரு கோடு. எனக்கு அது சரியாகவே பட்டது. அதது வேலையை அதது செய்கிறது. அவன் எல்லையைப் பார்க்கிறான், அவள் பிள்ளையைப் பார்க்கிறாள். நானும் அப்படித்தான் இருந்தேன். வரிசை வீட்டில் எங்கள் வாசலில் வந்து சத்தம் போட ஒருவனுக்கும் தைரியம் கிடையாது.

அப்புறம் ஏழாம் கூடு. தேயிலை நடுவே நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரம், கிளை வெட்டின இடத்தில் பொந்து. அதற்குள் மூன்று குஞ்சு. முப்பதடி தள்ளிப் பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால் நான்.

தேயிலையைப் பார்க்கப் பச்சையாக இருக்கும். உங்களைப் போல வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போவீர்கள். உள்ளே ஒன்றும் கிடையாது. சருகு கிடையாது. மருந்து அடித்து அடித்துப் புழு பூச்சி கிடையாது. அந்தப் பெண் குருவி இரைக்காக ஓடைக்கரை வரை போக வேண்டியிருந்தது. போனால் ஐந்தாறு நிமிஷம் ஆகும். அதற்குள் குஞ்சைத் தின்னச் செம்போத்து வந்து எட்டிப் பார்க்கும். ஒருவர் போனால் ஒருவர் இருக்க வேண்டும், இவர் வந்ததும் அவர் போக வேண்டும். வேறு வழி இல்லை.

அந்த ஆண் பாட்டை நிறுத்திவிட்டான்.

நான் சொல்வதைக் கவனியுங்கள். குண்டுக்கரிச்சான் ஆண் பாடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இவன் முதல் நாள் விடியலில் கொஞ்சம் பாடினான். இரண்டாம் நாள் அதிலும் பாதி. மூன்றாம் நாள் வாயில் புழுவோடு வந்தான், போனான், வந்தான். பெண்ணுக்குச் சமமாக. வினோதினியிடம் சொன்னேன். அவளுக்குக் கண்ணெல்லாம் விரிந்தது.

"இதைத்தான் ஐயா நான் தேடுறேன். இரை தாராளமா இருந்தா தாய் ஒருத்தியே வளர்த்துடுவா. இல்லாத இடத்துல ரெண்டு பேரும் ஓடினாத்தான் குஞ்சு தேறும். இடம் மாறினா தகப்பனும் மாறுறான்."

"பாட்டு போச்சேம்மா."

"பாட்டுப் பாடி என்ன ஐயா, குஞ்சு செத்துட்டா?"

சரிதான் என்றேன். அது பறவை. பறவைக்குச் சரி.

நான்காம் நாள் காலையில் நான் கூட்டுக்குப் புறப்படுகிற நேரம், இந்தப் பெலிக்ஸ் வந்து இறங்கினான். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை. பொள்ளாச்சியில் நார் ஆலையில் வேலை பார்த்தவன். ஆலையை மூடிவிட்டார்கள். மகளுக்கு வேலை கோயம்புத்தூரில், விடுதியில் தங்கல், ஷிப்ட் மாறி மாறி வரும். குழந்தைக்கு அப்போது மூன்று மாதம்.

"அவ வேலைய விட முடியாது மாமா. நான் பாப்பாவப் பாத்துக்கிறேன். வேற வேலை கெடைக்கிற வரைக்கும் இங்க இருந்துக்கிறோம்."

"நீ பாத்துக்கிறியா?"

"ஆமா மாமா."

"நீ ஆம்பளதானே?"

அவன் குழந்தை வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தான். எனக்கு அதற்கு மேல் நிற்கப் பிடிக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

அருளாயி இருக்கிறாளே, அவள் பார்க்க மாட்டாளா என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். "பேத்திய நீ பார்த்தா என்ன?" என்றேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"நாலு பெத்து நாலையும் தனியா வளர்த்தாச்சு. என் பங்கு முடிஞ்சது. உங்க பங்கு எங்கேன்னு நான் கேட்டேனா?"

இப்படிப் பேசுவாள். வயசானால் வாய் நீளும்.

ஆனால் வெளியே என் நிலைமையைப் பாருங்கள். நெருப்பு என்று பேர் எடுத்தவன் வீட்டுக் கொடியில் ஓர் ஆம்பிளை நின்று குழந்தைத் துணி காயப்போடுகிறான். சலூனில் முடி வெட்ட உட்கார்ந்தேன். வெட்டுகிறவன் தேவசகாயம், எனக்குக் கீழே மருந்தடிக்கும் வேலை பார்த்தவன். எத்தனை தடவை அரைப்பேர் வாங்கியிருக்கிறான் என்று எனக்குத்தான் தெரியும்.

"என்ன கங்காணியாரே, வீட்டுக்குப் புது மருமக வந்திருக்குதாமே?"

"மருமகன்டா."

"அப்படியா? கொடியப் பார்த்தா மருமக மாதிரி இருந்துச்சு. கை சுத்தம். துணி வெளுப்பா இருக்கு."

பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டேன். அருளாயி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அரைத்தலையா?" என்றாள். மீதியைப் பெலிக்ஸ்தான் வெட்டிவிட்டான். அதையும் சரியாகவே வெட்டினான். அந்த மாதிரி வேலையெல்லாம் வரும் அவனுக்கு.

இவன் எத்தனை நாள் தாங்குவான் பார்ப்போம் என்று இருந்தேன். ஏழாம் கூடு முடிந்து மூன்று குஞ்சும் பறந்த பிறகு, நோட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் இவனை எழுதினேன். ஆமாம், இவனைத்தான். சும்மா உட்கார்ந்திருக்கிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எத்தனை தடவை பால் கரைக்கிறான், எத்தனை தடவை துணி மாற்றுகிறான், எத்தனை தடவை தவற விடுகிறான். பதினொரு நாள். மகள் லீவில் வந்ததும் முகத்துக்கு நேரே காட்டி, பார் உன் புருஷன் லட்சணத்தை என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான்.

காட்டவில்லை.

காட்ட ஒன்றும் இல்லை. ஒரு தடவைகூட அவன் தவறவிடவில்லை. ஏழாம் நாள் அவனுக்கே காய்ச்சல். நடுங்கிக்கொண்டே கரைத்தான், துளியை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தான், கொடுத்தான், பிறகுதான் மாத்திரை போட்டான். நானும் எழுதினேன். அரைதான் போட்டேன். புட்டிப்பால்தானே. அதற்கு எப்படி முழுசு போடுவது?

வளைவு வருகிறது, கம்பியைப் பிடியுங்கள். முப்பத்தி ஒன்றா, முப்பத்தி இரண்டா? எண்ணுவதை விட்டுவிட்டேன். அவன் முகத்தைப் பாருங்கள், வெளுத்துவிட்டது. குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது. நல்ல குழந்தை. விடுங்கள்.

போன வாரம் வினோதினி போன் செய்தாள்.

"ஐயா, ஏழாம் கூட்டை எடுத்துட்டோம்."

"எடுத்துட்டோம்னா?"

"கணக்குல சேர்க்கலை. நான் போட்டோ எடுத்துட்டு வந்த பக்கங்கள்ல, ஆண் கட்டத்துல பாதிக் கோடா போட்டிருக்கீங்க. அதை எப்படி எண்ணுறதுன்னு எங்களுக்குத் தெரியலை."

"பாதி வேலை, பாதிக் கோடு. இதுல தெரியாம என்ன இருக்கு?"

"வந்துச்சா, வரலையா? அதுதான் ஐயா கேட்டேன்."

"வந்துச்சு. ஆனா சின்னப் புழு."

"அளந்தீங்களா?"

"கூடையத் தூரத்துல பார்த்தே எடை சொன்னவன்மா நான். புழுவ அளக்கக் கோல் வேணுமா எனக்கு?"

பிறகு ஒன்று கேட்டாள். "பெண் எப்பவுமே பெரிய புழுவாவே கொண்டு வந்துச்சா ஐயா? அந்தக் கட்டத்துல ஒரு அரைகூட இல்லையே."

போனை வைத்துவிட்டேன். தாயைப் போய் எடை போடச் சொல்கிறாள். படித்த திமிர்.

அருளாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "அந்தக் குருவிக்கும் போட்டுட்டீங்களா அரைப்பேர்?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாற்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே பெலிக்ஸும் சிரிக்கிற சத்தம் கேட்டது. குழந்தைக்கு என்ன தெரியும், அதுவும் கூடச் சேர்ந்து கத்தியது.

அவர்கள் சிரிக்கட்டும். எனக்கு வேண்டியது அதுவல்ல. தேயிலையில் இருந்த ஆறு கூட்டில் இரண்டைச் சாரைப்பாம்பு தின்றது, ஒன்றைப் பூனை. மிச்சம் மூன்று. அதில் ஏழை எடுத்துவிட்டால் மீதி இரண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம், அவளே சொன்னாள். காட்டுக்கும் தேயிலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதி முடித்துவிடுவார்களாம். அப்படியென்றால் என்ன அர்த்தம்? அந்த ஆண் பாட்டை விட்டு, மழையில் நனைந்து, செம்போத்தை எதிர்த்துப் பாய்ந்து, பதினாலு நாள் பாடுபட்டது நடக்கவே இல்லை என்று அர்த்தம். நான் கண்ணால் பார்த்தேன். பெண் வந்தது நானூற்றுப் பன்னிரண்டு தடவை. அவன் வந்தது முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு. மருந்து அடித்த மறுநாள் புழுவே இல்லை. எங்கே போய்ப் பிடித்தானோ, குட்டிப் பல்லி ஒன்றைக் கொண்டு வந்து பொந்து வாசலில் அடித்து அடித்து மெதுவாக்கிக் கொடுத்தான். அதை இல்லை என்று சொல்ல இவள் யார்?

என்ன கேட்டீர்கள்?

இல்லை, பல்லிக்கு... பல்லிக்கும் அரைதான் போட்டிருக்கிறேன். தெரியும், பல்லி சின்னப் புழு இல்லை. பெரிய இரைதான். சரி.

கேளுங்கள், கேட்க வந்ததைக் கேளுங்கள். எந்த நாளில் இருந்து அரை என்றா?

நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். முதல் மூன்று நாள் முழுசு. நான்காம் நாள் காலையில் இருந்து அரை.

நான்காம் நாள்.

புழு ஒன்றும் சிறுக்கவில்லை. அன்றைக்கு மழை பெய்தது, ஈசல் கிளம்பியது, நல்ல இரை. அன்றைக்குக் காலையில்தான் இவன் வந்து இறங்கினான், ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் பையுமாக.

அப்படிப் பார்க்காதீர்கள் என்னை. நான் பொய் எழுதவில்லை. வராததை வந்தது என்று ஒரு கோடு இல்லை அதில். வந்ததை வரவில்லை என்றும் இல்லை. நேரம் சரி, ஆண் பெண் சரி. எடை போட்டதுதான் தப்பு. முப்பத்து நாலு வருஷம் அதே தராசில் கை வைத்தவன், கை தானாகப் போயிருக்கும். போகட்டும். அந்தக் குருவி மேல் எனக்கென்ன கோபம்? ஒரு கோபமும் கிடையாது. அவன்மேல் எனக்கு மரியாதைதான்.

எந்த அவனா? குருவியைச் சொல்கிறேன்.

ஆழியாறு வந்துவிட்டது. செக்போஸ்டில் பத்து நிமிஷம் நிறுத்துவான், பையெல்லாம் பார்ப்பார்கள். பாருங்கள், எழுந்து வருகிறான், தள்ளாடிக்கொண்டு.

"மாமா, தலை சுத்துது. எறங்கி மொகத்தக் கழுவிட்டு வந்துடுறேன். பாப்பாவக் கொஞ்சம் வச்சிருங்க."

"என்கிட்டயா?"

"அஞ்சே நிமிஷம் மாமா. முழிச்சா புட்டி இந்தா இருக்கு. சூடு பாத்துட்டேன். தலையக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க."

போய்விட்டான். பதில்கூடக் கேட்கவில்லை. மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பேனா வைத்திருக்கிறீர்களா? என் கை இப்போது எழுதத் தோதில்லை. நோட்டை எடுங்கள். நீலத் துணி சுற்றியிருக்கும். ஏழாம் கூடு, பச்சை அட்டை ஒட்டிய பக்கம். கீழே இடம் இருக்கிறதா? நான் சொல்கிறபடி எழுதுங்கள். 'நான்காம் நாள் முதல் ஆண் கட்டத்தில் உள்ள அரைக்கோடு ஒவ்வொன்றும் ஒரு வருகை.' எழுதினீர்களா? 'ஒன்று' என்று எழுத்தில் எழுதுங்கள், எண் வேண்டாம். இப்போது என் முன்னால் பிடியுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திருத்தினால் கையெழுத்துப் போட வேண்டும்.

காரணம் எழுத வேண்டாம். வினோதினி கேட்டால் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொன்னதோடு சரி. காரணம் எனக்கு, கணக்கு அவளுக்கு. இனிமேல் ஏழாம் கூட்டைச் சேர்க்க மாட்டேன் என்று எவன் சொல்கிறான் பார்க்கிறேன்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். அது என் சொந்தப் பக்கம்.

அழுகிறது. பஸ் நின்றால் முழித்துக்கொள்கிறது. அந்தப் புட்டியை எடுங்கள். மூடியைக் கழற்றுங்கள், இப்படி இல்லை, திருகிக் கழற்றுங்கள். என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விடுங்கள். சூடு பார்த்தேன் என்றான், இருந்தாலும் நாமும் பார்க்க வேண்டும். சரியாக இருக்கிறது. தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்றான், இப்படித்தானே?

குடிக்கிறது.

நான்கு பிள்ளை பெற்றவன் சார் நான். இவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

வந்துவிட்டான். தலையெல்லாம் தண்ணீர்.

"குடுங்க மாமா, நான் குடுக்கிறேன்."

"இரு."

"கை வலிக்கும் மாமா."

"குடிச்சிக்கிட்டிருக்கில்ல? போய் உட்காரு. துவட்டு தலைய."

என்ன சிரிப்பு உங்களுக்கு? பேனாவை ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இதை எழுதவா? வேண்டாம். அதில் ஆணுக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒரு கட்டம். தாத்தாவுக்கு என்று மூன்றாவது கட்டம் கிடையாது. நோட்டை மூடுங்கள்.

அந்த ஜன்னலையும் பாதி சாத்துங்கள். குழந்தை முகத்தில் காற்று அடிக்கிறது.